நித்தியகல்யாணி இலையிலிருந்து செல் வளர்ப்பு: தொடங்குவோருக்கான செய்முறை

செங்கோட்டையில் நித்தியகல்யாணி என்று வாசலில் வைத்து வளர்க்கும் செடியை, ஆரியங்காவு கணவாய் தாண்டிப் புனலூர்ப் பக்கம் போனால் சவக்கோட்டைப்பச்சை என்கிறார்கள். நம் பக்கத்திலும் சுடுகாட்டுப்பூ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இதிலிருந்துதான் கிடைக்கின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பதால், அதைக் குடுவையிலேயே வளர்த்து எடுத்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அது எளிதில் நடக்காது. அந்த மூலக்கூறின் ஒரு பாதியான வின்டோலின், பசும் இலையிலுள்ள தனிவகைச் செல்களில்தான் முழுமையடைகிறது. குடுவையில் மிதக்கும் செல்கள் தரக்கூடியது, இரத்த ஓட்டக் குறைபாட்டுக்குப் பயன்படும் அஜ்மாலிசின் என்னும் அல்கலாய்டு (செடிகள் உண்டாக்கும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள்). பழகுவதற்கு அதுவே போதும்.

முதலில் இலை. நுனியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது இளம் இலையைப் பறியுங்கள். சாரல் நாட்களில் பறித்த இலைகளில் பாதிக்கு மேல் எனக்குப் பூஞ்சை பிடித்ததால், வெயில் காய்ந்த இரண்டு நாட்களுக்குப் பிறகே பறிக்கிறேன். குழாய் நீரில் அரை மணி நேரம் அலசி, 70 சதவீத ஆல்கஹாலில் 30 விநாடி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 8 நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் நான்கு முறை கழுவுங்கள்.

அடுத்தது ஊடகம், அதாவது செல்கள் வளர்வதற்கான சத்துக் கலவை. முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் வெளியிட்ட உப்புக் கலவை ஆயத்தப் பொடியாகவே விற்கிறது. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, செல் பெருக்கத்தைத் தூண்டும் வளர்ச்சி ஊக்கிகளான 2,4-டி 1 மில்லிகிராம், கைனெட்டின் 0.1 மில்லிகிராம் சேர்த்து, பிஎச் 5.8க்குக் கொண்டுவந்த பிறகே, கூழாக இறுகச் செய்யும் அகரை 8 கிராம் போட வேண்டும். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் ஊடகம் தயார்.

வடிகட்டிய தூய காற்று வீசும் லேமினார் மேசையில் இலையின் வெளுத்த ஓரங்களை வெட்டியெறிந்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி ஊடகத்தின்மேல் பதியுங்கள். 25 டிகிரி இருட்டில் மூன்று, நான்கு வாரங்களில் வெட்டுவாயில் கேலஸ் என்னும் உருவமற்ற செல்திரள் திரளும். இங்கே அவசரம் கூடாது. இடுக்கியால் தொட்டால் புட்டுக்குப் பிசிறிய மாவுபோல உதிரும் வெளிர்மஞ்சள் கேலஸே நமக்கு வேண்டியது. பச்சையாகவோ கல்போன்றோ இறுகியதை ஒதுக்கிவிட்டு, உதிர்வதை மட்டும் மாதம் ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றி, மூன்று முறையாவது தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படித் தேறிய கேலஸில் 2 கிராம் எடுத்து, அகர் இல்லாத 50 மில்லி ஊடகத்தில் இட்டு, 250 மில்லி குடுவையில், அதைச் சுழற்றி ஆட்டும் ஷேக்கரில் நிமிடத்துக்கு 110 சுற்று ஓடவிடுங்கள். ஷேக்கர் நின்றால் செல்கள் அடியில் படிந்து மூச்சு முட்டும். ஒருநாள் காற்றில் மரம் விழுந்து இரவெல்லாம் மின்சாரம் போய்விட்டது. விடிந்து பார்த்தபோது பால்நிறத் திரவம் தேயிலைக் கஷாயமாகக் கறுத்திருந்தது. இன்வெர்ட்டர் இல்லாமல் இந்தப் படியைத் தொடங்காதீர்கள்.

செல் பெருகிவிட்டால் மருந்தும் பெருகியிருக்கும் என்று நினைப்பதுதான் தொடங்குவோர் செய்யும் பெரிய பிழை. பெருக்கத்தைத் தூண்டும் அதே 2,4-டி, அல்கலாய்டு உருவாவதை அடக்குகிறது. ஆகவே பத்தாம் நாளில் செல்களை வடித்து, 2,4-டி இல்லாத, சர்க்கரை 50 கிராமாக உயர்த்திய இரண்டாம் ஊடகத்துக்கு மாற்றுங்கள். 1983இல் ஜப்பானில் ஷிகோனின் என்னும் சிவப்புப் பொருளை வணிக அளவில் எடுத்ததும் இப்படி இரண்டு ஊடகங்களில்தான்.

இரண்டு வாரம் கழித்துச் செல்களை வடிகட்டி, 50 டிகிரியில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றை, கலவையிலுள்ள பொருட்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) தகட்டில் ஓட்டுங்கள். பக்கத்திலேயே தூய அஜ்மாலிசினையும், முதல் ஊடகச் செல்களின் சாற்றையும் வைக்க மறவாதீர்கள். அல்கலாய்டைக் காட்டும் டிராகன்டார்ஃப் கரைசல் தெளித்ததும் அல்கலாய்டு உள்ள இடம் ஆரஞ்சு நிறமாகும். தூய பொருளின் உயரத்திலேயே இரண்டாம் ஊடகச் சாற்றிலும் புள்ளி தெரிந்து, முதல் ஊடகச் சாற்றில் அது மங்கியிருந்தால் ஊடகமாற்றம் பலித்தது என்று கொள்ளலாம். கையுறை இல்லாமல் இந்தச் சாற்றைத் தொடாதீர்கள், யாருக்கும் மருந்தாகக் கொடுக்கவும் கூடாது.