காலிமுகத்திடலிலிருந்து இடம்பெயர்ந்த தூண்

ஊருக்குப் போகிற வழியில் கொழும்பில் இரண்டு மூன்று நாள் நிற்கும் நம்மவர்களில் பலருக்கு வெள்ளவத்தைதான் கொழும்பு. புடவைக்கடை, நகைக்கடை, சொந்தக்காரர் வீடு என்று பொழுது போய்விடும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ நவம்பர் மாதம் போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் பொப்பிப் பூ குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கூட வந்திருந்தால், ஒரு காலை அவர்களை விகாரமகாதேவிப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் உயரமான கல்தூண் ஒன்று நிற்கிறது. உலகப் போர்களில் இறந்த இலங்கைப் படையினருக்கான நினைவுத்தூபி அது.

வெள்ளவத்தையில் 100 அல்லது 101 பஸ் எடுத்து கொள்ளுப்பிட்டிச் சந்தியில் இறங்கினால் மிச்சத்துக்கு ஓட்டோ போதும். நினைவுத்தூபி என்றால் ஓட்டோக்காரருக்கு விளங்காமல் போகலாம். "பப்ளிக் லைப்ரரி" என்று சொல்லுங்கள். தெருவில் மறித்து விலை பேசுவதைவிட போனில் பிக்மீ என்ற செயலியில் ஓட்டோ கூப்பிடுவது நல்லது, வெளிநாட்டுக் கதை கேட்டால் கட்டணம் ஏறும். வெயில் ஏறுமுன், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மாலையில் பூங்கா முழுக்கக் குடும்பங்களும் காதலர்களுமாக இருக்கும், நின்று இறந்தவர்களின் பெயர் வாசிக்க மனம் வராது.

இந்தத் தூண் முதலில் இங்கே இருக்கவில்லை. 1923இல் காலிமுகத்திடலில், கடலைப் பார்த்து எழுப்பினார்கள். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். லண்டன் வைற்ஹோலில் உள்ள நினைவுச்சின்னமும் டில்லியின் இந்தியா கேற்றும் அவருடைய வேலைதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர் கடலிலிருந்து குறிவைக்க இது அடையாளமாகிவிடும் என்ற பயத்தில் கழற்றி, பூங்காவுக்குக் கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். பயத்துக்கும் காரணம் இருந்தது: 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. போருக்காக இடம்பெயர்ந்து, திரும்பித் தன் இடத்துக்குப் போகாமலே இருந்துவிட்ட தூண். நம்மவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெயர்களை ஆறுதலாக வாசியுங்கள். வெள்ளைக்காரப் பெயர்களைக் கண்டு பிள்ளைகள் கேட்பார்கள். 1914இல் இங்கிருந்து எகிப்துக்கும் பிறகு கல்லிப்போலிக்கும் போன தோட்டத்துரைமார் படைப்பிரிவில் இருந்தவர்கள் ஐரோப்பியர். அந்தத் துரைமாரின் தோட்டங்களில் கொழுந்து பறித்துச் செத்துப்போன மலையகத் தமிழருக்கு இப்படியொரு தூணை எந்தத் துரையும் கட்டவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வந்தால் பாதிக் கதைதான் சொன்னதாக இருக்கும்.

மற்றப் பாதி பொப்பியைப் பற்றியது. பொப்பி விற்ற காசு பெரும்பாலும் பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போகிறது என்று கோபப்பட்ட இளைஞர்கள், 1930களில் பொப்பி விற்கும் அதே நவம்பர் 11ஆம் திகதி கொழும்புத் தெருக்களில் பூவரசம்பூ விற்றார்கள். பூவரசம்பூவின் சிங்களப் பெயரால் சூரியமல் இயக்கம் என்று பெயர். டொரீன் விக்கிரமசிங்க என்ற ஆங்கிலேயப் பெண்ணே முன்னின்றவர்களில் ஒருவர். 1934-35இல் மலேரியா ஊரை வாரிக்கொண்டு போனபோது இவர்கள் நிவாரண வேலையில் இறங்கினார்கள். பூவரசு நம்முடைய வேலிகளிலும் நிற்கிற மரம்தானே, பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நேரம் இருந்தால் அங்கிருந்து காலிமுகத்திடலுக்குப் போங்கள். தூண் நின்ற அந்தப் புல்வெளியில்தான் 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வா தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர் அடித்தார்கள். 2022 மே 18 அன்று கோட்டாபய அரசுக்கு எதிரான போராட்டக்காரர் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்து நினைவேந்தல் செய்ததும் அதே இடத்தில்தான். இது எதையும் சொல்லும் பலகை உங்கள் கண்ணில் படாது. நீங்கள்தான் சொல்லவேண்டும். இஸ்சோ வடை (இறால் வடை) வாங்கித் தின்றுகொண்டே சொல்லலாம், அதில் குற்றமில்லை.

பொரளை கனத்தை மயானத்திலும் உலகப் போர்க் கல்லறைகள் இருக்கின்றன. ஆனால் நம்மவர்களுக்குக் கனத்தை என்றால் வேறு ஞாபகம்: 1983 ஜூலை 24 இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இறந்த 13 படையினரின் அடக்கத்துக்குக் கூடிய கூட்டத்திலிருந்துதான் தமிழருக்கு எதிரான கொழும்புக் கலவரம் கிளம்பியது. அப்போது கொழும்பில் இருந்த அப்பா, அம்மா, மாமா யாரும் கூட வருவதானால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

குறிப்பிட்ட ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் புறப்படுமுன் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கல்லறைத் தோட்டம், எந்த வரிசை என்பதுவரை வரும். வெயிலில் அலையத் தேவையில்லை.

படம் எடுக்கும்போது கவனம். தூபியை எடுங்கள், காவலுக்கு நிற்கும் பொலிஸையோ ஆமியையோ எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டுவந்திருந்தால் பெட்டியிலேயே கிடக்கட்டும், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வீண் பிரச்சினை. கடவுச்சீட்டின் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். நவம்பரில் வருகிறவர்கள் நினைவு ஞாயிறன்று பூங்காவில் நடக்கும் மலர்வளைய நிகழ்வைப் பார்க்கலாம். முக்கிய ஆட்கள் வருவதால் சோதனை இருக்கும், பெரிய பை வேண்டாம்.

பத்தரமுல்லைப் பக்கம், பாராளுமன்றத்துக்குக் கிட்ட, உள்நாட்டுப் போரில் இறந்த அரச படையினருக்கான தூபி இருக்கிறது. இந்திய அமைதிப்படைக்கும் 2008இல் கட்டிய ஒன்று அந்தப் பக்கம் உண்டு. போவதும் விடுவதும் அவரவர் மனசு, என் பட்டியலில் இரண்டும் இல்லை. மே 19 அன்று அரச படையினர் தூபியில் அரச விழா நடக்கும், அந்தப் பக்கம் வேலை ஏதும் இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.