ஸ்லோவில் நின்றுபோகும் அம்பாசடர்: ஸ்க்ரூவைத் திருகும் முன்

சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ரெண்டு உதறு உதறி வண்டி அணைந்துவிட்டால், கை நேராக கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். ஸ்லோவை (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏற்றிவிட்டால் அன்றைக்கு ஓடும். கோளாறு உள்ளேயே இருக்கும், பெட்ரோல் செலவு மட்டும் ஏறும். ஸ்க்ரூ கடைசி வேலை. இங்கே தரும் அளவுகள் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு, பத்மினிக்கு வழி இதேதான், அளவுகளை அதன் மேனுவலில் பாருங்கள்.

முதலில் ஒரு சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நிற்கப்போகும் நேரத்தில் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது) கால்வாசி இழுங்கள். சுதாரித்து ஓடினால் பெட்ரோல் குறைவு: எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, அல்லது ஸ்லோ ஜெட் (ஸ்லோவில் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கிறது. இன்னும் மோசமாகிக் கறும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம்: கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட், நீடில் வால்வ் பக்கம் போங்கள். எந்த மாற்றமும் இல்லையென்றால் மின்பொறி அல்லது வால்வ்.

காற்றுக் கசிவுதான் பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது. ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் அடி பேக்கிங், மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் கலவை போகும் குழாய்) பேக்கிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ் என்று ஒவ்வோர் இடமாக லேசாகத் தெளியுங்கள். சத்தம் மாறும் இடம்தான் கசிவு. கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த இன்ஜினில் சைலன்சர் மேனிஃபோல்டும் அதே பக்கம்தான் இருக்கிறது, தீப்பிடிக்கும், வேண்டாம். ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படக்கூடாது. பிறகு த்ராட்டில் ஷாஃப்டை (கார்புரேட்டரின் காற்றுக் கதவைத் திருப்பும் அச்சு) விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் புது பேக்கிங் எத்தனை போட்டாலும் பயனில்லை. புஷ் போட வேண்டும். கார்புரேட்டர் நட்டை ஆவேசமாக முறுக்கி முறுக்கி அடிப்பக்கம் வளைந்திருப்பதும் சகஜம். கழற்றி, அடியில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பர் விரித்துத் தேய்த்து மட்டமாக்கலாம்.

வாக்யூம் கேஜ் (மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புத்தகங்களில் 18 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) என்று இருப்பது கடல் மட்டக் கணக்கு. பெங்களூரு ஏறத்தாழ 3,000 அடி உயரம். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் கழியும். இங்கே 15 முதல் 18 காட்டினால் நல்ல இன்ஜின்தான், ரிங் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். முள் ஒரே சீராக விட்டுவிட்டுத் துள்ளினால் ஏதோ ஒரு வால்வ் சரியாக மூடவில்லை.

மின்பொறியில் முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட். கேமின் உச்சியில் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி விழுந்த பாயிண்டில் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும்: அது மேட்டைத் தொட்டே அளக்கும், நிஜ இடைவெளி அதைவிட அதிகம். மாற்றிவிட்டே அளவு வையுங்கள், கண்டன்சரையும் சேர்த்து. ப்ளக் 0.025 அங்குலம். டேப்பட் (வால்வ் இடைவெளி) 0.015 அங்குலம், இன்ஜின் சூடாக இருக்கும்போது. 8-வது வால்வ் முழுதாகத் திறந்திருக்கையில் 1-வது வால்வின் இடைவெளியை, 6-வது திறந்திருக்கையில் 3-வதை என்று எப்போதும் வால்வ் எண்களின் கூட்டுத்தொகை 9 வரும்படி போனால் குழப்பம் வராது.

இனி சோலெக்ஸ் கார்புரேட்டர். ஸ்லோ ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்து ஊதுங்கள். கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய டேங்கின் கசடைக் கரைத்துக் கொண்டுவந்து இந்த ஜெட்டில்தான் கொட்டுகிறது. அதே எத்தனால் கலவையை மெலிதாக்கும். பெங்களூரு உயரமோ கலவையைச் சற்றுக் கெட்டியாக்கும். எதிரெதிர் இழுப்பு என்பதால், சென்னையில் ட்யூன் செய்த வண்டியை இங்கே கொண்டுவந்து கண்ணை மூடிக்கொண்டு ஜெட் மாற்றுவது அவசரம்.

இன்ஜின் சூடு, சோக் முழுதாக உள்ளே, ஏர் ஃபில்டர் மாட்டியபடி: மிக்சர் ஸ்க்ரூவை (ஸ்லோவில் போகும் பெட்ரோல் அளவை மாற்றுவது) மெதுவாக உட்காரும்வரை திருகி (இறுக்கினால் முனை கெடும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். கால் சுற்றாக நகர்த்தி, அதிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். வேகத்தைத் த்ராட்டில் ஸ்க்ரூவால் குறைத்து, மறுபடி மிக்சர். இரண்டு மூன்று முறை மாறிமாறிச் செய்ய வேண்டும். மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடியும் இன்ஜின் அசையாமல் ஓடினால், த்ராட்டில் அதிகம் திறந்திருக்கிறது அல்லது ஃப்ளோட் மட்டம் ஏறியிருக்கிறது.

சோலெக்ஸுக்குப் பதில் எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தால், அதில் ஸ்லோ ஜெட்டே கிடையாது. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் தூக்குங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணைந்தால் குறைவு, ஒரு நொடி ஏறி இறங்கினால் சரி.

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மட்டும் நிற்கிறதென்றால், சூட்டில் ஃப்ளோட் அறையிலேயே பெட்ரோல் கொதிக்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் வரும் தடித்த இன்சுலேட்டர் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்ய, ஆக்சிலேட்டரைப் பம்ப் அடிக்காமல் தரையோடு அழுத்திப் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள்.

பேக்கிங், பாயிண்ட் எல்லாம் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது மேலே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அது எத்தனாலைத் தாங்கும்.