முயல் சொறிந்துகொண்டே இருக்கிறதா? பூச்சியைக் கண்டுபிடிப்பது முதல் கூண்டைக் கழுவுவது வரை

என் முயல் கறுப்பியின் முதுகில் பொடுகு மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்ததைப் பார்த்தும் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். முடி உதிர்கிற நேரம், தோல் வறண்டிருக்கும், தானே போய்விடும் என்று நினைப்பு. ஒரு நாள் சீப்பால் வாரி, வந்ததைக் கறுப்புத் தாளில் தட்டி, ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துகள்கள் கிடந்தன. அரை நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தபோது அவற்றில் இரண்டு மூன்று மெல்ல நகர்ந்தன. பொடுகு நடக்காதே!

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை, முதல்முறை முயல் வளர்ப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் மருந்தைத் தேர்ந்தெடுப்பது அதில் சேராது.

எதற்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை

வீட்டில் நாய்க்கோ பூனைக்கோ வாங்கிய தெள்ளு மருந்து இருந்தால் அதை எடுத்து முயலுக்குப் போட்டுவிடாதீர்கள். டப்பாவில் ஃபிப்ரோனில் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். நாய்க்குச் சாதாரணமாகப் போடும் அந்த மருந்து முயலுக்கு விஷம். சாப்பாட்டை நிறுத்தும், சோர்ந்து படுக்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். போட்ட அன்றே தெரிய வேண்டும் என்றில்லை, சில நாள் கழித்தும் காட்டலாம். நாய்களுக்கான அடர்த்தியான பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் வேண்டாம். தெள்ளுக் கழுத்துப்பட்டையும் வேண்டாம். முயல் அதைக் கடிக்கும், நக்கும். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது என்பதால், உள்ளே போனது போனதுதான்.

‘இயற்கை’ என்ற பெயரில் டீ ட்ரீ ஆயில் தடவச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் தோல் வழியாகவும் நக்குவதாலும் உடலில் ஏறி நஞ்சாகும்.

படி 1: முயலை முழுசாகப் பாருங்கள்

தரையில் ஒரு துண்டை விரித்து நீங்களும் தரையிலேயே உட்காருங்கள். மேசைமேல் வைத்துப் பார்த்தால் அது குதிக்கும். முயலின் பின்னங்கால் உதை அதன் முதுகெலும்பையே முறிக்கும் அளவு பலமானது. மல்லாக்கப் படுக்கவைத்து ‘மயக்க’ வேண்டாம். அப்படி அசையாமல் கிடப்பது சுகத்தினால் இல்லை, பயத்தினால்.

மூக்கிலிருந்து தொடங்கி வால்வரை போங்கள். உதட்டோரம், மூக்கு நுனி, கண்ணைச் சுற்றி, காதின் உள்பக்கம், தாடைக்குக் கீழே, பிடரி, முன்னங்கால் இடுக்கு, முதுகு, இடுப்பு, பாதம், கடைசியாக வாலடி. முடியை எதிர்ப்பக்கமாக ஊதினால் பிரிந்து தோல் தெரியும். பிடரியையும் வாலுக்குச் சற்று மேலே உள்ள இடத்தையும் அவசரப்படாமல் பாருங்கள். பூச்சிகள் முதலில் குடியேறுவது பெரும்பாலும் அங்கேதான், முயலுக்கு வாய் எட்டாத இடங்கள் அவை.

மூன்று எளிய சோதனைகள் உண்டு. முதலாவது நான் சொன்ன கறுப்புத் தாள். வெள்ளை முயலானாலும் சரி, கறுப்பு முயலானாலும் சரி, தாள் கறுப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒளி ஊடுருவும் செல்லோடேப். முடியை விலக்கித் தோல்மேல் லேசாக ஒட்டி எடுத்து, சின்னக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சொல்லிவிடுவார். இழுக்கும்போது நிதானம் வேண்டும், முயல் தோல் மிக மெல்லியது, கிழியும். மூன்றாவது, ஈரமான வெள்ளை டிஷ்யூ. சீப்பில் வந்த கருந்துகள்களை அதில் போடுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது மண் இல்லை. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம்.

படி 2: எந்தப் பூச்சி என்று யூகியுங்கள்

யூகம்தான், முடிவு மருத்துவருடையது. ஆனால் என்ன பார்த்தீர்கள் என்று தெளிவாகச் சொன்னால் அவர் வேலை பாதி குறையும்.

*காது சொறி.* முயல் அடிக்கடி தலையை உதறும், பின்னங்காலால் காதைக் கீறும், ஒரு காது தொங்கினாற்போல் இருக்கும். உள்ளே பார்த்தால் பழுப்பும் மஞ்சளுமாக ஏடு ஏடாக அடுக்கிய பொருக்கு. சோரோப்டெஸ் என்ற மைட் செய்கிற வேலை இது. மைட் என்பது கண்ணுக்கு எளிதில் படாத சிற்றுண்ணி. கவனிக்காமல் விட்டால் புண் காதுக்குள் இறங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

*நடக்கும் பொடுகு.* கறுப்பிக்கு வந்தது இதுதான். செய்லெட்டியெல்லா என்று பெயர், அளவு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தோல் செதில்களுக்கு அடியில் புகுந்து நகர்வதால் பொடுகே நடப்பதுபோல் தெரியும். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். சில முயல்கள் சொறியவே சொறியாது, அதனால்தான் தாமதமாகத் தெரிகிறது.

*சார்கோப்டெஸ் சொறி.* மூக்கு, உதடு, பாத ஓரங்களில் சாம்பல் நிறப் பொருக்கு. தோலைக் குடைந்து உள்ளே போவதால் அரிப்பு தாங்காது. முயல் மெலியும். இதற்கு ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

தெள்ளு பெரும்பாலும் வீட்டு நாய் பூனையிடமிருந்து வரும். உண்ணியை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், காது மடல், கழுத்துப் பக்கம் பிடித்திருக்கும். பேன் வீட்டு முயலுக்கு அரிது.

எல்லா முடி உதிர்வும் பூச்சியால் வருவதில்லை. பருவ உதிர்வில் தோல் சுத்தமாக இருக்கும், அடியில் புது முடி முளைத்திருக்கும். வட்டமாக முடி போய்ச் செதில் கட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், அது பூஞ்சை, அதற்கு மருந்தே வேறு. பெண் முயல் தன் மார்பு முடியைப் பிடுங்கினால் கூடு கட்டுகிறது என்று அர்த்தம்.

படி 3: எடை பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்

ஒரு கூடையில் முயலை வைத்து எடை போட்டு, கூடையின் எடையைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மைட்டைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து பொதுவாக ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் அடர்த்தியில் வருகிறது. முயலுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். 2 கிலோ முயலென்றால் 0.04 முதல் 0.08 மில்லி. 2 மில்லி சிரிஞ்சில் அது முதல் கோட்டைக்கூடத் தொடாது. கை கொஞ்சம் தவறினால் நான்கைந்து மடங்கு உள்ளே போய்விடும். மாடு, குதிரைக்கான மருந்தை வாங்கி ‘ஒரு துளி’ போட்டேன் என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மருத்துவர் ஐவர்மெக்டின் போடலாம், அல்லது பிடரியில் விடும் செலாமெக்டின் சொட்டு தரலாம். தெள்ளாக இருந்தால் இமிடாக்ளோப்ரிட் தருவதும் உண்டு. முயல் வைத்தியம் பழகியவரா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. அப்புறம், வீட்டில் எத்தனை முயல் இருக்கிறதோ அத்தனைக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். நன்றாக இருப்பதுபோல் தெரிகிற ஜோடியிடம்தான் அடுத்த படை ஒளிந்திருக்கும்.

படி 4: சொட்டு மருந்தை விடுவது

இரண்டு காதுக்கும் பின்னால், மண்டையோட்டின் அடியில், முடியை இரு பக்கமும் விலக்கித் தோலில் படும்படி விடுங்கள். முடியில் விட்டால் பாதி வீண். முதுகுவரை இழுத்து விட்டால் நக்கிவிடும். காயும்வரை ஜோடியைத் தனியாக வையுங்கள், ஒன்றையொன்று நக்கிக் கொடுக்கிற பிராணிகள் இவை.

அன்றும் மறுநாளும் சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாத முயல், காரணம் எதுவானாலும், அவசர நோயாளி.

படி 5: காலண்டரில் வட்டம் போடுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். முதல் தவணை போட்ட ஐந்தாம் நாளே கறுப்பி பளபளவென்று இருந்தாள். சரியாகிவிட்டதே, மறுபடி எதற்கு ஒரு ஊசி என்று விட்டுவிட்டேன். நான்காம் வாரம் பொடுகு திரும்பி வந்தது. கூடவே என் முன்கையில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் உயிரோடு திரியும் மைட்டைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. செய்லெட்டியெல்லா தன் முட்டையை முடியோடு முடியாகக் கட்டி ஒட்டிவைக்கும். அது பொரித்து வெளிவந்த பிறகு, அடுத்த தலைமுறை முட்டையிடுவதற்கு முன்னால், மறுபடி அடிக்க வேண்டும். அதற்காகத்தான் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தவணை. தேதிகளை மருந்து வாங்கிய அன்றே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். முயல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வட்டம் வட்டம்தான்.

கையில் வந்த தடிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். முயலின் மைட் மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. முயலுக்குச் சரியானதும் நமக்கும் அடங்கும். அரிப்பு அதிகமென்றால் உங்கள் மருத்துவரிடம், வீட்டில் முயல் இருப்பதையும் சொல்லிக் காட்டுங்கள்.

படி 6: கை வைக்கக் கூடாத இடங்கள்

காதுப் பொருக்கைப் பிய்க்காதீர்கள். பிய்த்தால் அடியில் பச்சைப் புண், ரத்தம் வரும், முயல் வலியில் துடிக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பொருக்கு தானே காய்ந்து உதிரும். ஒரு நாள் காலை கூண்டுத் தரையில் காய்ந்த ஏடுகளைப் பார்ப்பீர்கள், அன்று ஒரு நிம்மதி வரும் பாருங்கள்!

குளிப்பாட்டவும் வேண்டாம். அடர்ந்த முடி நனைந்தால் காய வெகுநேரம் ஆகும். முயல் குளிரில் விறைக்கும், பயத்திலேயே அதிர்ச்சிக்குள் போகும். பூச்சி ஷாம்புவுக்கும் இதே பதில்தான்.

உண்ணி ஒன்றிரண்டு இருந்தால் எடுத்துவிடலாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய், சூடு எதுவும் வேண்டாம்.

படி 7: கூண்டு

ஒவ்வொரு தவணை அன்றும் இதைச் செய்ய வேண்டும். விரிப்பையும் பழைய உலர்புல்லையும் பையில் கட்டி வெளியே போடுங்கள். அட்டைப்பெட்டி, மரப்பொம்மை போன்றவற்றையும் எறிந்துவிடலாம், மனசு வரவில்லையென்றால் தனியாகக் கட்டி வையுங்கள். கூண்டை வெந்நீரால் தேய்த்துக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். துணிகளை வெந்நீரில் துவையுங்கள். சீப்பை மறந்துவிடாதீர்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான். காது மைட் ஏற்ற ஈரப்பதம் இருந்தால் முயலில்லாமலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெள்ளு என்றால் வேலை இன்னும் பெரிசு. அதன் முட்டைகள் முயல்மேல் நிற்காமல் தரைவிரிப்பில் உதிர்ந்து கிடக்கும். வாக்குவம் போட்டு உறிஞ்சி, பையை உடனே வெளியேற்றுங்கள். பூச்சி ஸ்ப்ரேயைக் கூண்டுக்குள் அடிக்காதீர்கள்.

புழு வைத்துவிட்டால்

இது படி வரிசையில் வராது, எல்லாப் படியையும் தாண்டி ஓட வேண்டிய விஷயம். ஈரமோ கழிவோ ஒட்டிய பின்பக்கத்தில் பச்சை ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரிக்கும். புழுக்கள் முயலை உயிரோடு தின்னத் தொடங்கும். பின்புறத்தில் நாற்றம், அசைவில்லாமல் ஒடுங்கிக் கிடப்பது, முடிக்குள் வெள்ளையாகச் சின்ன அரிசிபோல் ஏதாவது தெரிந்தால் இரவு பகல் பார்க்காமல் மருத்துவரிடம் கிளம்புங்கள். நேரம் இருந்தால் கண்ணில் படும் புழுக்களை இடுக்கியால் எடுங்கள். தண்ணீரில் முக்காதீர்கள். முடி நனைந்தால் மருத்துவருக்கு அதைச் சிரைப்பது கடினமாகிவிடும்.

வெயில் காலத்தில் காலையும் மாலையும் வாலடியைப் பார்ப்பது இதற்கு முக்கியமான தடுப்பு. சாதாரணமாக முயல் தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே எடுத்துத் தின்றுவிடும். அது அப்படியே பின்புறத்தில் அப்பிக் கிடந்தால் ஏதோ கோளாறு.

மறுபடி வராமல் இருக்க

நன்றாக இருக்கிற முயல் ஒரு நாளில் பல மணி நேரம் தன்னைத் தானே நக்கி வாரிக்கொள்ளும். நாலைந்து மைட் இருந்தாலும் அந்த நாக்கு பார்த்துக்கொள்ளும். ஆகவே பொடுகு மைட் பெருகினால் நான் முதலில் கேட்பது, இது ஏன் தன்னைச் சுத்தம் செய்யவில்லை என்றுதான். பல் வளர்ந்து வாய் வலிக்கலாம். எடை கூடி முதுகுக்குத் திரும்ப முடியாமல் போகலாம். வயதான முயலுக்கு மூட்டுவலி இருக்கலாம். கறுப்பிக்குக் கடைவாய்ப் பல் கூர்மையாகி நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும்வரை எத்தனை ஊசி போட்டிருந்தாலும் பொடுகு மறுபடி வந்திருக்கும்.

வாரம் ஒரு முறை சீப்பு, கறுப்புத் தாள், காதுக்குள் டார்ச் வெளிச்சம். பத்து நிமிட வேலை. உலர்புல்லில் சந்தேகம் இருந்தால் இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்துப் போடலாம். புதிதாக வரும் முயலை இரண்டு முதல் நான்கு வாரம் தனி அறையில் வைத்துவிட்டு, பிறகு மற்ற முயல்களோடு சேர்த்துவிடுங்கள். தெள்ளும் கொசுவும் மிக்சோமடோசிஸ் என்ற கொல்லி நோயையும் பரப்பும். அந்த நோய் இருக்கிற பகுதியென்றால் தடுப்பூசி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஜன்னலுக்கு வலையும் போடுங்கள்.

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அவற்றின் தெள்ளு மருந்தைத் தவறாமல் போடுங்கள், முயலுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. முயல் அவற்றோடு ஒட்டிப் படுக்கும் பழக்கமுடையது என்றால் ஃபிப்ரோனில், பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்தானாலும் அது முழுக்கக் காயும்வரை முயலை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.