ஓசிடி ரிப்போர்ட்: எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு

ஓசிடி என்பது ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஸ்கேன். கண் சிமிட்டியதால் கெட்ட ஸ்கேன், ஃபைலில் மாறிய பெயர் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் வேலைக்கு வந்த சில நாளிலேயே சரியாகிவிடும். ஓசிடி அறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் தவறுகள் வேறு.

இரண்டு மெஷின் எண்களைக் கழித்துப் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மா மகனோடு வந்தார். பழைய ரிப்போர்ட்டில் மாக்குலாவின் (விழித்திரையின் மையப் பகுதி) நடுத் தடிமன் 208 மைக்ரான். வேறோர் இடத்தில் எடுத்த புதியதில் 276. "நீர் கோத்திருக்காம் சார், ஊசி போடணுமாம்" என்றார் மகன். பணத்துக்கும் சொல்லிவைத்துவிட்டார். படங்களைப் பார்த்தால் இரண்டிலும் நடுக்குழி ஒரே மாதிரி இருக்கிறது, நீர்க்கட்டி ஒன்றுகூட இல்லை. பழையது ஸ்ட்ராட்டஸ் மெஷின், புதியது ஸ்பெக்ட்ராலிஸ் மெஷின். அவ்வளவுதான் விஷயம்.

மெஷின் படத்தில் மேலும் கீழும் ஒவ்வொரு கோடு போட்டு, இடைவெளியைத் தடிமன் என்று அளக்கும். மேல்கோட்டை எல்லா மெஷினும் விழித்திரையின் உள் சவ்வில்தான் போடும். வம்பெல்லாம் கீழ்க்கோட்டில். ஸ்ட்ராட்டஸ், ஒளியுணர் செல்களின் உள், வெளிப் பகுதிகள் சேரும் இடத்திலேயே நின்றுவிடும். சிரஸ் என்ற இன்னொரு மெஷின், அதற்கும் கீழே நிறமி எபிதீலியம் வரை போகும். ஸ்பெக்ட்ராலிஸ் அதையும் தாண்டி புரூக் சவ்வு வரை. நல்ல கண்ணிலேயே முதலாவதுக்கும் கடைசிக்கும் சுமார் 70 மைக்ரான் வித்தியாசம் வரும். மாக்குலா வீக்கத்துக்கான ஊசி ஆய்வுகளிலும் மெஷினுக்கு மெஷின் வரம்பு மாறும்: ஸ்ட்ராட்டஸில் 250 என்றால் ஸ்பெக்ட்ராலிஸில் பெண்களுக்கு 305, ஆண்களுக்கு 320. மெஷின் பெயர் ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கலர் மேப்பை அப்படியே நம்புவது

தடிமனை நிறங்களாகக் காட்டும் கலர் மேப், மெஷின் போடும் கோடுகளை வைத்தே வருவது. வீக்கமோ ரத்தக்கசிவோ உள்ள கண்ணில் அந்தக் கோடு தடம் மாறிவிடும். குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். அப்புறம், நோயாளியால் ஒரே இடத்தில் பார்வையை நிறுத்த முடியாவிட்டால் அளவு வட்டம் நடுக்குழியை விட்டு நகர்ந்துவிடும். குழியின் ஓரம் தடிமனானது. அதை நடு என்று எடுத்துக்கொண்டால் இல்லாத வீக்கம் எண்ணில் தெரியும்.

சிவப்பு என்றாலே க்ளாக்கோமா

பார்வை நரம்பின் நரம்பிழைப் படலம் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தால் மெஷின் சிவப்பாகக் காட்டும். பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமாவில் அது மெலியும் என்பது உண்மைதான். ஆனால் மைனஸ் 8 கண்ணாடிக்காரரை இந்தச் சிவப்பைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். மெஷினின் ஒப்பீட்டுத் தரவில் அவ்வளவு நீளமான கண்கள் குறைவு. இதற்கு நேர்மாறும் உண்டு: முற்றிய க்ளாக்கோமாவில் நரம்பிழைப் படலம் 50 மைக்ரான் பக்கம் வந்து நின்றுவிடும். மிச்சமிருப்பது ரத்தக்குழாயும் தாங்கு திசுவும். "எண் அப்படியே இருக்கிறது" என்று எழுதிவைப்போம், பார்வையோ குறைந்துகொண்டே போகும். அங்கே பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்தான் கைகொடுக்கும்.

சிரஸில் சிக்னல் (படத்தின் தரம், 10-க்கு) 6-க்குக் கீழே

கண் காய்ந்திருக்கலாம். ஒரு சொட்டு விட்டு மறுபடி எடுங்கள்.