கடற்கரையில் எடுத்த வசனம் ஏன் கேட்பதில்லை: படத்தின் ஒலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எடுக்கிற குறும்படங்களில் காட்சிக்குக் குறைவே இல்லை. முட்டம் பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டம் என்று எங்கே கேமராவை வைத்தாலும் படம் அழகாக விழுகிறது. வசனம்தான் பல படங்களில் காதில் விழுவதில்லை. கேட்டால், படப்பிடிப்பு அன்று யாராவது ஒருவர் "சவுண்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருப்பார். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வார்த்தையிலிருந்து கிளம்புகிறவைதான்.

காற்றையும் கடலையும் ஒரே தொல்லையாக நினைப்பதை முதலில் விட வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் வீசுகிற காற்றில் மைக்கைப் பிடித்தால் பதிவில் 'படபட' என்று கேட்கும். அந்தச் சத்தம் வெளியில் இல்லை. காற்று மைக்கில் மோதிச் சுழலும்போது அதன் மெல்லிய சவ்வு அதிர்ந்து உண்டாகிற சத்தம் அது. பெரும்பகுதி தாழ்ந்த அலைவரிசையில்தான் இருக்கும். மைக்கைக் கூண்டுக்குள் வைத்து மேலே முடி உறையைப் போட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற 'லோ கட்' வசதியையும் போட்டால் பெருமளவு அடங்கிவிடும். மைக்கோடு தருகிற கறுப்பு ஸ்பாஞ்சு மட்டும் அந்தக் காற்றுக்குப் போதாது.

கடல் அப்படியில்லை. முட்டத்தில் அலை பாறையில் உடைகிற சத்தம் கீழிருந்து மேல்வரை எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும். 'ச', 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளும் மூச்சும் இருக்கிற அதே இடத்தில் அதுவும் இருக்கிறது. அதனால் லோ கட் அதைத் தொடாது. சாஃப்ட்வேரில் இரைச்சலைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷனை ஏற்றினால் கடலோடு சேர்ந்து அந்த எழுத்துகளும் கரையும். பேசுகிறவர் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பேசுவதுபோல ஆகிவிடும். இப்போது வருகிற கருவிகள் குரலைத் தனியே பிரிப்பதில் முன்னைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் குரல் கடலுக்கு மேலே எழும்பி நின்றால்தான் அவற்றாலும் ஏதாவது செய்ய முடியும்.

எழும்ப வைக்கிற வழி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். தொலைவில் இருக்கிற கடல் அதே அளவில்தான் இருக்கும். ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது. கேமராவின் மேல் மாட்டிய மைக் மூன்று நான்கு மீட்டர் தள்ளி இருக்கும். நடிகருக்குப் பின்னால் கடல் இருந்தால், அந்த மைக் கடலைப் பார்த்தே நிற்கும். நீளக் கம்பின் முனையில் மைக்கை மாட்டிய 'பூம்' கருவியைத் தலைக்கு மேலே ஃப்ரேமின் விளிம்புவரை இறக்கி, முனையை நெஞ்சை நோக்கிக் கீழே சாய்த்தால் மைக் மணலைப் பார்க்கும், கடல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். பூம் பிடிக்க ஆள் இல்லை என்று காலர் மைக்கை நம்புகிறவர்கள், அதிலுள்ள நாய்ஸ் கேன்சலேஷனை அணைத்துவிட்டே பதிவு செய்ய வேண்டும். அது அந்த நேரத்திலேயே குரலைச் செதுக்கி எறிந்துவிடும்; எறிந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. பட்டுச் சேலையும் நைலான் சட்டையும் உரசினால் வருகிற சரசரப்பு வேறு. மைக்கை டேப்பால் துணியோடு சேர்த்து ஒட்டிவிட்டு, நடிகரைக் கையை வீசி நடக்கச் சொல்லி ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டால் அது தெரிந்துவிடும்.

லெவலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். லெவல் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் லெவல் ஏறி உடைகிற பயம் குறைவு. ஆனால் தூரத்தில் வைத்த மைக்கை அது பக்கத்தில் கொண்டுவந்து தராது.

இடம் பார்க்கப் போகிறவர்கள் காலை வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலக் காட்சியை அங்கே வைத்துவிடுகிறார்கள். மலையோரத்தில் பொழுது சாய்ந்ததும் சீவிடு என்கிற பூச்சி கத்தத் தொடங்கும். அதன் சுருதி அவ்வப்போது மாறும். இரண்டு ஷாட்டை வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் சுருதி குதித்து, எடிட்டிங் எங்கே என்று காதுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ இருந்தால் குழாய் ஸ்பீக்கர் எந்த நேரத்தில் பாடும் என்பதை அந்த ஊர்க்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். தென்னந்தோப்பில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: ஓலை அசைகிற சத்தம் பதிவில் மழைத்தூறல் மாதிரியே கேட்கும். நல்ல வெயில் அடிக்கிற காட்சியில் அது பார்ப்பவரைக் குழப்பும்.

வெட்டில் தெரிகிற இந்தக் குதிப்புக்கு மருந்து, எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வது. ரூம் டோன் என்பது இதுதான். வெட்டுகளுக்கு அடியில் அதை ஓடவிட்டால் தையல் மறையும். அந்த ஒரு நிமிடத்துக்கு யூனிட்டில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. படப்பிடிப்பு முடிந்தது, 'பேக்கப்' என்று சொல்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

டப்பிங்குக்கே போனாலும் தவறுகள் தொடரும். கடற்கரையில் இரண்டு பேர் பேசும்போது அலைச் சத்தத்தை மீற, தன்னையறியாமலேயே குரலை உயர்த்துவார்கள். கழுத்து நரம்பு தெரியும், மூச்சு இடையில் முறியும். ஏசி போட்ட அமைதியான அறையில் அதே வசனத்தைச் சொன்னால் குரல் தணிந்துவிடும், உதடு பொருந்தினாலும் உடம்பு பொருந்தாது. டப்பிங் பேசுகிறவரின் ஹெட்ஃபோனில் அந்தக் காட்சியின் கடலை ஓடவிடுங்கள், குரல் தானாக ஏறும். மைக்கை உதட்டோடு ஒட்டி வைக்காமல், படப்பிடிப்பில் பூம் இருந்த தூரத்தில் வையுங்கள். கூடுமானால் அதே மைக்கையே பயன்படுத்துங்கள்.

பேச்சு வழக்கு எனக்கு முக்கியம். தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் பேசுகிற தமிழ் ஒன்று, விளவங்கோட்டுத் தமிழ் இன்னொன்று, கடற்கரை ஊர்களின் இழுவை வேறொன்று. எங்கிருந்தோ ஒரு குரலைக் கொண்டுவந்து, வாக்கியத்துக்கு ஒரு "மக்கா" சேர்த்தால் குமரித் தமிழ் ஆகிவிடும் என்று நினைப்பது இந்த ஊர்க்காரர்களை அவமதிப்பது. படப்பிடிப்பில் வழிகாட்டியாகப் பதிவான ஒலி, அதாவது பைலட் ட்ராக், எவ்வளவு மோசமாக இருந்தாலும் அழிக்காதீர்கள். ராகத்தைப் பிடிக்க டப்பிங் கலைஞருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

எஃபெக்ட்ஸிலும் இதே அக்கறை வேண்டும். இணையத்தில் கிடைக்கிற 'கிராமத்துக் காலை' ஒலிக்கோப்பில் நம் பக்கம் இல்லாத பறவை கூவும். 1960களில் நடக்கிற மீனவர் கதையின் பின்னணியில், காலத்துக்குப் பொருந்தாமல் அவுட்போர்டு என்ஜின் (படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார்) ஓடும். ஓட்டுக்கூரையில் விழுகிற மழையும் தகர ஷீட்டில் விழுகிற மழையும் ரப்பர் இலையில் விழுகிற மழையும் ஒன்றல்ல. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு மழைச் சத்தத்தை டவுன்லோடு செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

ஒலியும் படமும் விலகுவதற்குப் பல நேரம் காரணம், வினாடிக்கு 23.976 ஃப்ரேமில் எடுத்ததை 24 என்று எடிட்டிங்கில் திறப்பது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் பத்து நிமிடத்தில் 0.6 வினாடி தள்ளிப்போகும். தொடக்கத்தில் சரியாக இருந்த உதடு கடைசியில் விலகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மிக்ஸிங்கை ஹெட்ஃபோனிலேயே முடிப்பவர்கள் ஒருமுறை ஃபோன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை வீட்டு டிவியிலும் போட்டுக் கேட்க வேண்டும். வசனம் மனப்பாடமான இயக்குநருக்கு இசை எவ்வளவு ஏறினாலும் வசனம் கேட்கும்; கதையே தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்வது நல்லது. சத்தம் கூடினால் தரம் கூடும் என்று எல்லாவற்றையும் அழுத்தி ஏற்றுவதால் பயனில்லை. காதுக்குக் கேட்கிற சத்தத்தை எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் அளப்பார்கள்; ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ். யூடியூப் சுமார் மைனஸ் 14க்கு மேலே போனதைத் தானே இறக்கிவிடும். நசுங்கிய ஒலி அப்புறம் சத்தம் குறைந்தும் நசுங்கியும் கேட்கும்.

வேலை முடிந்ததும் ஒரே ஸ்டீரியோ ஃபைலை மட்டும் வைத்துக்கொள்ளாமல் வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்து இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் மலையாளம். அங்கே யாராவது படத்தை டப் செய்யக் கேட்டால், அவர்களுக்கு வேண்டியது தமிழ் வசனம் இல்லாத அந்த இசையும் எஃபெக்ட்ஸும்தான்.