கண்ணாடிக் கடையின் உதவி மேலாளர் ஆர்டர் சீட்டைச் சரிபார்ப்பது எப்படி?

கண்ணாடிக் கடையில் உதவி மேலாளராகப் பொறுப்பேற்பவர் விற்பனைக் கணக்கைத் திறப்பதற்கு முன், லென்ஸ் வெட்டும் லேபுக்குப் போகவிருக்கும் ஆர்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். லென்ஸ் வெட்டப்பட்ட பிறகு தெரியவரும் பிழைக்குக் கடைதான் பணம் கொடுக்கிறது. சீட்டிலேயே பிடிபட்டால் ஒரு பேனாக் கோட்டோடு போய்விடும்.

முதலில் பவரைப் பார்க்கவும். சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் சேரும் பவர், ஆக்சிஸ் என்பது அது அமையும் கோணம். மருத்துவர் ப்ளஸ் சிலிண்டரில் எழுதியதை மைனஸுக்கு மாற்றி எழுதும்போது, குறியை மாற்றிவிட்டு ஆக்சிஸை 90 டிகிரி திருப்ப மறப்பது புதிய ஊழியர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. -1.00 / +2.00 x 180 (அடிப்படைப் பவர் / சிலிண்டர் x ஆக்சிஸ்) என்பது +1.00 / -2.00 x 90 ஆக வேண்டும். ஆக்சிஸ் 30 டிகிரி பிசகினாலே, சிலிண்டரே போடாமல் விட்டிருந்தால் எவ்வளவு மங்கலாக இருக்குமோ அவ்வளவு மங்கல் மிஞ்சும் என்பதை ஊழியர்களுக்கு ஒருமுறை லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் காட்டிவிட்டால், பிறகு அவர்களே எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

அடுத்து பி.டி., அதாவது இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். குறைந்த பவரில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பலர் உணர்வதில்லை, ஆனால் -6.00 பவர் லென்ஸின் மையம் 4 மில்லிமீட்டர் விலகினால் 2.4 ப்ரிஸம், அதாவது ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கும் விளைவு, உண்டாகும் என்பதால், அதை அணிபவருக்குத் தலைவலியும் கண் வலியும் வருவதில் வியப்பில்லை. தூரத்துக்கும் கிட்டத்துக்குமான பவர் ஒன்றிலேயே படிப்படியாக மாறும் ப்ரோக்ரஸிவ் லென்ஸுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக பி.டி. எடுப்பதோடு, மூக்குத்தாங்கியையும் காதுக் கம்பியையும் முகத்துக்கேற்ப வளைத்துச் சரிசெய்த பிறகே கண்மணி உயரத்தைக் குறிக்க வேண்டும். குறித்துவிட்டு ஃப்ரேமை வளைத்தால் உயரம் மாறிவிடும். அவசரத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான்.

கண்ணாடி பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால், "இரண்டு வாரத்தில் பழகிவிடும்" என்ற பதிலை உடனே சொல்லக் கூடாது. பவரை அளந்து, மையம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஃப்ரேம் மூக்கில் இறங்கியிருக்கிறதா என்று கவனித்த பின்னரே மறுபரிசோதனைக்கு அனுப்பவும். இவையெல்லாம் சரியாக இருக்கும்போதுதான் பழகுதல் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. வெள்ளெழுத்துக்கு முதன்முறையாக ப்ரோக்ரஸிவ் அணிபவரிடம், படியிறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையும் தாழ்த்திப் பார்க்கும்படி, கண்ணாடியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

விற்பனையை நிறுத்திவைக்க வேண்டிய வேளைகளும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் பவர் ஏறி இறங்கும். அது நிலைப்பட்ட பிறகு விலையுயர்ந்த லென்ஸை ஆர்டர் செய்யலாம் என்று நாமே சொல்வது நல்லது. திடீரென மின்னல் வெட்டுவதுபோல் தெரிகிறது, திரை விழுந்ததுபோல் பார்வை மறைகிறது என்று சொல்பவரை ஃப்ரேம் காட்டி உட்கார வைக்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

திரும்பி வந்த கண்ணாடிகளுக்கென ஒரு நோட்டு வைத்து, தேதி, காரணம், பிழை நேர்ந்த கட்டம் ஆகியவற்றை எழுதி வரவும். அதில் ஊழியரின் பெயர் வேண்டாம். பெயர் எழுதத் தொடங்கினால் பிழைகள் நோட்டுக்கு வராமல் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.