தோல் வாரின் கொக்கியைக் கழற்றி மாட்டுவது எப்படி?

கத்தி தீட்டும்போதெல்லாம் என் வார் ஒரு பக்கமாகவே கோணிக்கொண்டது. முதலில் கையைக் குறை சொன்னேன், அப்புறம் கத்தியை. உண்மையில் மேல் கொக்கியைப் பிடித்திருந்த இரண்டு திருகில் ஒன்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யப் போய் நான் செய்த கோமாளித்தனங்களை நீங்கள் தவிர்க்கலாம்.

தொங்கவிட்டுத் தீட்டும் வாரைத்தான் சொல்கிறேன்: முன்னால் தோல், பின்னால் கித்தான், மேலே கொக்கி, கீழே இழுத்துப் பிடிக்க டி வளையம்.

1. கொக்கியைப் பிடித்திருக்கும் ஆணியின் தலையைப் பாருங்கள். கோடு வெட்டியிருந்தால் அது திருகு. உள்ளே மரை போட்ட குழலும் அதில் முடுக்கும் ஆணியுமாக இரண்டு துண்டு இருக்கும். கோடே இல்லையென்றால் ரிவெட், அதாவது முனையைத் தட்டி நசுக்கிப் பொருத்திய ஆணி. ரிவெட் முழுசாக வெளியே வராது, புதிது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

2. தோலின் தீட்டும் பக்கத்தைத் தடித்த காகிதத்தால் மூடுங்கள். டேப்பைக் காகிதத்தில் ஒட்டுங்கள், தோலில் வேண்டாம்.

3. திருகைக் கழற்றுங்கள். நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டியது இங்கேதான். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பினால் பின்பக்கக் குழலும் கூடவே சுற்றுகிறது! இடுக்கியால் பிடித்தேன், அது வழுக்கித் தோலைக் கடித்துவிட்டது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வழி ரொம்பச் சுலபம். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மேசையில் போட்டு, குழலின் தலை அதன்மேல் படும்படி வாரை வைத்து, மேலிருந்து உடம்பு எடையைக் கொடுத்து அழுத்தியபடி திருப்புங்கள். ரப்பர் குழலைப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரின் நுனி கோட்டை முழுக்க நிரப்பும் அகலத்தில் இருக்கட்டும்.

ரிவெட் என்றால் பின்பக்கத்து விளிம்பை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு முன்பக்கமாகத் தட்டி வெளியேற்றுங்கள். டிரில் வேகம்தான், ஆனால் ரிவெட்டும் சேர்ந்து சுழன்று சூடாகித் தோலைக் கருக்கும். என் ஓட்டு அரத்துக்கே.

4. பொடியைத் துடையுங்கள். இதை அலட்சியம் செய்யாதீர்கள். தோலிலோ கித்தான் இழையிலோ ஒரு துகள் மாட்டிக்கொண்டால் போதும், கத்தியின் கூர் பல்லுப் பல்லாகிவிடும். காந்தத்தை நம்ப வேண்டாம், பித்தளையும் செம்பும் அதில் ஒட்டாது. பிரஷால் தட்டிவிட்டு, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள்; கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தெரியும்.

5. நீளத்தைச் சரிபாருங்கள். நாளாக ஆகத் தோல் நீளும். வாரை இழுக்கும்போது கித்தான் விறைத்து, தோல் தொய்ந்தால் கொக்கியைக் கழற்றிய கையோடு தோலில் புதுத் துளை போடுங்கள். இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடித்து பென்சிலால் குறியுங்கள். வட்டத் துளை போடும் பஞ்ச்தான் வேண்டும். கத்தியால் கீறினால் கீறலின் முனையிலிருந்து கிழிய ஆரம்பிக்கும்.

6. மாட்டுங்கள். குழலின் நீளம் தோல், கித்தான் எல்லாம் சேர்ந்த தடிமனைவிட ஒரு இழை குறைவாக இருக்கட்டும்; இறுக்கும்போது தோல் அமுங்கிக் கொடுக்கும். குழல் நீளமாகப் போனால் ஆடும், அப்போது இடையில் ஒரு தோல் வாஷர் போடுங்கள். மேடான தலை பின்பக்கம் போகட்டும், முன்னால் நின்றால் கத்தி இடிக்கும்.

பிறகு சேர்த்தது: திருகு திரும்பத் திரும்பத் தளர்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு போதும். மரைப்பசைதான் வேண்டுமென்றால் நீல நிறத்தை வாங்குங்கள். சிவப்பு போட்டால் அடுத்த முறை கழற்றச் சூடு காட்ட வேண்டும், தோல் பக்கத்தில் அது நடக்கிற காரியமில்லை.

மாட்டி முடித்ததும் நல்ல கத்தியை எடுத்துவிடாதீர்கள். வாரை இழுத்துப் பிடித்து, மழுங்கிய பழைய கத்தி ஒன்றால் நாலு தரம் தீட்டி, கோணுகிறதா என்று முதலில் பாருங்கள்.